சேரி இல்லாத ஊரில் ஒரு நகைச்சுவை: ‘மண்டேலா’வும் அதன் விருதுகளும்

(பனமலையில் நடந்த திரையிடலுக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)



படம் முடிந்து விளக்கைப் போட்டபோது உங்கள் முகங்களைப் பார்த்தேன். எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைக் கெடுக்கிற வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தம்பி தங்கைகள் மன்னிக்க வேண்டும். நானும் முதல்முறை பார்த்தபோது சிரித்தேன். இரண்டாவது முறை பார்த்தபோதுதான் கொஞ்சம் உறுத்தியது. மூன்றாவது முறை இன்றைக்கு, இந்த ஊரில், உங்களோடு உட்கார்ந்து பார்க்கும்போது அந்த உறுத்தல் என்ன என்று தெளிவாகிவிட்டது. அதைத்தான் பேசப்போகிறேன்.

‘மண்டேலா’ 2021 ஏப்ரல் 4 அன்று தொலைக்காட்சியில் நேரடியாக வெளியானது. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு. மடோன் அஸ்வினுக்கு அது முதல் படம். 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அதற்கு இரண்டு விருதுகள் கிடைத்தன. ஒன்று, சிறந்த அறிமுக இயக்குநர் படத்துக்கானது. இன்னொன்று, சிறந்த வசனத்துக்கானது. “சாதியைப் பற்றி இப்படியும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாம்” என்று பத்திரிகைகளும் நண்பர்களும் கொண்டாடினார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். யோகிபாபுவின் முடியையும் உடம்பையும் வைத்து எத்தனையோ படங்கள் கேலி செய்து காசு பார்த்திருக்கின்றன. இந்தப் படம் அவரை ஒரு மனிதராக நடிக்கவிட்டது. முடிதிருத்துகிறவர் பின்வாசல் வழியாக வர வேண்டும், வேலைக்குக் காசு கிடையாது, சோறுதான் கூலி என்பதையெல்லாம் காட்டியது. இதைக்கூடக் காட்டாத படங்கள்தான் நம்மிடம் அதிகம். ஆகவே இது கெட்ட எண்ணத்தோடு எடுத்த படம் என்று நான் சொல்லவில்லை. இதைச் சாதி பற்றிய முக்கியமான படம் என்று மேடையேற்றி விருது கொடுத்தார்களே, அந்தத் தகுதி இதற்கு இல்லை என்கிறேன். அதற்குக் காரணங்களைச் சொல்கிறேன்.

படத்தில் வரும் சூரங்குடி எப்படிப்பட்ட ஊர்? வடக்கூர், தெற்கூர் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு சாதி. இரண்டு சாதிக்கும் ஏறக்குறைய ஒரே பலம், ஒரே திமிர், ஒரே அளவு ஓட்டு. கழிப்பறையை யார் முதலில் பயன்படுத்துவது என்று அடித்துக்கொள்கிறார்கள். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் இரண்டு பேரும் சமமான முட்டாள்கள்.

இப்போது ஒரு கேள்வி. நீங்கள் செஞ்சியிலிருந்து வந்திருக்கிறீர்கள், அனந்தபுரத்திலிருந்து, விக்கிரவாண்டியிலிருந்து வந்திருக்கிறீர்கள். வடக்கூர், தெற்கூர் என்று பிரிந்த ஊரை நம் பக்கத்தில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நமக்குத் தெரிந்த பிரிவு ஊர், காலனி. ஊர்த்தெரு, சேரி. பஸ் எங்கே நிற்கும், தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கும், தேர் எதுவரை வரும், பிணம் எந்த வழியாகப் போகும் என்பதெல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான் முடிவாகிறது. அந்தக் கோடு மேல் கீழாகப் போடப்பட்ட கோடு. படம் அதை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டது. சாதி என்பது இரண்டு பங்காளிகளின் வீம்பு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு மணி நேரம் ஓடும் படம். அந்த ஊரில் ஒரு சேரி கிடையாது. ஒரு தலித் குடும்பம் நம் கண்ணில் படவில்லை. சாதியைப் பற்றிய படம் என்று தேசிய விருது வாங்கிய படத்தில்!

இந்த மலைமேல் இருக்கிற தாளகிரீசுவரர் கோயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ராஜசிம்ம பல்லவன் கட்டியது. உள்ளே ஒரு சுவர் ஓவியம் இருக்கிறது. சிவன் ஆடுவதைப் பார்வதி நின்று பார்க்கிற காட்சி. பார்வதி ஓரளவு மிஞ்சியிருக்கிறாள், ஆடுகிற சிவன் பெரும்பாலும் அழிந்துபோய்விட்டார். அது காலத்தால் அழிந்தது, யார் மேலும் குற்றமில்லை. ஆனால் ஒரு கதையை இன்றைக்கு உட்கார்ந்து எழுதும்போது, நடுவில் இருக்க வேண்டியவர்களை வரையாமலே விட்டால் அது காலம் செய்த வேலை என்று சொல்ல முடியாது.

அடுத்தது, முடிதிருத்துகிறவர் பாத்திரம். படம் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஓர் அண்ணன் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊரில் சலூன் வைத்திருக்கிறார். இடைவேளையில் அவரிடம் “என்னண்ணே, படம் பிடிக்கலையா?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவனுக்கு ஒரு சொந்தக்காரன்கூட இல்லையே? எங்க ஆளுங்க வீட்டுல ஒரு காதுகுத்துன்னா நாலு ஊர்லேருந்து வந்து நிப்பாங்க. ஒருத்தன அடிச்சிட்டா சங்கத்துலேருந்து வந்து கேப்பாங்க. இவன் மரத்தடியில அநாதையா கெடக்கிறானே.”

என்னுடைய அத்தனை குறிப்புகளையும் விட இந்த ஒரு பேச்சு பெரியது. படத்தில் அவருக்குத் துணை ஒரு சின்னப் பையன் மட்டும்தான். பெயர் கிடையாது, ஊரார் வைத்த ‘இளிச்சவாயன்’ என்ற வசவுதான் பெயர். அடையாள அட்டை கிடையாது. கடைசியில் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் தேன்மொழி என்ற பெண்தான் அவருக்கு ‘நெல்சன் மண்டேலா’ என்று பெயர் வைக்கிறார். அந்தப் பெண் பாத்திரம் அன்பானதுதான். ஆனாலும் கவனியுங்கள், ஒடுக்கப்பட்ட ஒரு மனிதருக்குப் பெயரே வெளியிலிருந்து ஒருவர் வந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

வரலாறு அப்படியா இருக்கிறது? சிவகாசியில் பிறந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸ் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். மேடையிலேயே வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். 1940இல் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்விட்டவர். பீகாரில் கர்ப்பூரி தாக்கூர் நாவிதர் சமூகத்தில் பிறந்தவர். இரண்டு முறை முதலமைச்சராக இருந்தார். 1978இல் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு கொண்டுவந்தார். அதற்காக ஆதிக்கச் சாதிகள் அவருடைய சாதித் தொழிலைச் சொல்லியே திட்டின. 2024இல்தான் அவருக்குப் பாரத ரத்னா அறிவித்தார்கள். இவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது, குடும்பம் இருந்தது, அமைப்பு இருந்தது, கோபம் இருந்தது. சூரங்குடி மண்டேலாவுக்கு இதில் எதுவுமே இல்லை. அதனால்தான் அவரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியிருக்கவில்லை.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. என் அப்பா முடி வெட்டிக்கொள்ள டவுனுக்குப் பஸ் ஏறித்தான் போவார். ஊரிலேயே முடி வெட்டுகிறவர் இருந்தார். அப்பாவும் அவரும் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரே பீடியை மாற்றி மாற்றிக் குடிப்பார்களாம். ஆனால் அப்பா தலையில் அவர் கத்தரி வைத்ததில்லை. ஒருநாள் அப்பா கேட்டிருக்கிறார். “ஒனக்கு வெட்டுனேன்னு தெரிஞ்சா அறுப்புக்கு எனக்கு ஒருத்தனும் நெல்லு அளக்க மாட்டான்டா” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம். இதைச் சொல்லும்போது அப்பா அவர்மீது கோபப்பட்டதே இல்லை. “பாவம், அவன் என்ன பண்ணுவான்” என்பார்.

அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்றார். மேலே ஒருவன், கீழே ஒருவன் என்று இரண்டே தட்டு இருந்தால் கீழே இருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து எழுந்துவிடுவார்கள். சாதியில் அப்படி இல்லை. ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவரை வைத்துவிடுகிறது. பின்வாசலில் நிற்க வைக்கப்பட்டவரையே, இன்னொருவருக்கு வாசலை மூடச் சொல்கிறது. 2024இல்கூடத் தருமபுரி மாவட்டத்தில் தலித் இளைஞருக்கு முடிவெட்ட மறுத்ததாக வழக்குப் பதிவாகி, கடை நடத்தியவர் கைது செய்யப்பட்டார். நெல் அளந்தவர்கள் அந்த வழக்கில் வர மாட்டார்கள். கடைக்காரர்தான் மாட்டுவார்.

நினைத்துப் பாருங்கள். சூரங்குடியில் ஒரு காலனி இருந்து, அங்கிருந்து ஒரு தம்பி வந்து மண்டேலாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வடக்கூரும் தெற்கூரும் அந்த நிமிடமே ஒன்றாகியிருக்கும். சண்டை போடும் இரண்டு சாதியும் எதில் ஒற்றுமையாக இருக்கும் என்பது வெளியே வந்திருக்கும். மண்டேலா யார் பக்கம் நிற்பார் என்ற உண்மையான கேள்வி வந்திருக்கும். அப்போதும் நகைச்சுவை வந்திருக்கும், ஆனால் அது வேறு மாதிரி நகைச்சுவை. அந்த ஒரு காட்சி வராமல் இருப்பதற்காகவே காலனியை அழித்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

மூன்றாவது, ஓட்டு. படத்தில் ஒரே ஓட்டை வைத்துக்கொண்டு மண்டேலா ரோடு, பள்ளிக்கூடம், கழிப்பறை எல்லாம் வாங்கிவிடுகிறார். கடைசியில் அவரை இழிவுபடுத்திய ஊரே அவருக்குக் காவல் நிற்கிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

ஓட்டின் அருமையை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காக உயிர் கொடுத்தவர்கள் நாம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக, 1996 முதல் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. மேலவளவில் நின்று ஜெயித்துக் காட்டிய முருகேசனை, 1997 ஜூன் 30 அன்று உடன் வந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். பக்கத்துக் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை 2020இல் நாடே பார்த்தது. ஓட்டு அவரிடம் வந்தது, பதவியும் வந்தது. நாற்காலி மட்டும் வரவில்லை.

நம் விழுப்புரம் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் 12 தலித்துகளைப் பறிகொடுத்த மண் இது. ‘மண்டேலா’ வெளியான அடுத்த மாதம், 2021 மே மாதம், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒட்டனந்தலில் என்ன நடந்தது? அனுமதியில்லாமல் திருவிழாவில் கச்சேரி வைத்தார்கள் என்று சொல்லி, மூன்று தலித் முதியவர்களை ஊர்ப் பஞ்சாயத்தின் காலில் விழ வைத்தார்கள். அந்த வீடியோவை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். அந்த மூவரிடமும் வாக்காளர் அட்டை இருந்திருக்கும். ஒரு மாதம் முன்புதான் விரலில் மை வைத்திருப்பார்கள். 2023இல் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் வரக்கூடாது என்று தடுத்து, கடைசியில் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டியதாயிற்று. மேல்பாதிக்காரர்களுக்கும் ஓட்டு இருக்கிறது.

மண்டேலா என்ற பெயரையே பாருங்கள். நெல்சன் மண்டேலா 27 ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1994 ஏப்ரலில், 75 வயதில்தான் அவர் தன் நாட்டின் பொதுத்தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். அந்த ஓட்டு யாரோ தபால் நிலையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வந்ததல்ல. பல பத்தாண்டுகள் ஓர் இயக்கம் நடந்தது, ஷார்ப்வில்லில் துப்பாக்கிச்சூடு நடந்தது, சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஓட்டு அது. படம் பெயரை எடுத்துக்கொண்டது, இயக்கத்தை விட்டுவிட்டது.

இப்போது விருதுக்கு வருகிறேன். விருதுக் குழு என்றாலே எதிரி என்று நான் சொல்ல மாட்டேன். அது சோம்பேறித்தனமான பேச்சு. ‘அசுரன்’ தேசிய விருது வாங்கியிருக்கிறது. இன்னொரு உதாரணம் இதைவிட முக்கியமானது. ‘மண்டேலா’வுக்குக் கொடுத்த அதே அறிமுக இயக்குநர் விருதை, சில ஆண்டுகளுக்கு முன்பு நாகராஜ் மஞ்சுளேவின் ‘ஃபன்றி’ என்ற மராத்திப் படத்துக்குக் கொடுத்தார்கள்.

‘ஃபன்றி’யைப் பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள். பன்றி பிடிக்கும் வேலைக்குத் தள்ளப்பட்ட ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பையன் ஜப்யா. குடும்பமே பன்றியை விரட்டி ஓடும்போது ஊரே சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறது. அவன் விரும்பும் பெண்ணும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். நடுவில் பள்ளியிலிருந்து தேசிய கீதம் கேட்கிறது. துரத்தியவர்கள் அசையாமல் நிற்கிறார்கள், பன்றி தப்பி ஓடுகிறது. அரங்கில் நமக்கும் சிரிப்பு வருகிறது. கடைசியில் ஜப்யா கல்லை எடுத்து எறிகிறான். அந்தக் கல் நேராகத் திரையை நோக்கி, நம்மை நோக்கி வருகிறது. இவ்வளவு நேரம் யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று கேட்கிற கல் அது.

அதே விருதை வாங்கிய இரண்டு படங்களை இப்போது பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘ஃபன்றி’ முடிந்து வெளியே வரும் ஆதிக்கச் சாதிக்காரனுக்குக் கல் பட்ட இடம் வலிக்கும். ‘மண்டேலா’ முடிந்து வெளியே வரும் அதே ஆள், “சாதி வெறி பிடிச்ச முட்டாப் பசங்க” என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவான். அது தன்னைப் பற்றிய படம் என்று அவனுக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றாது. படத்தில் இருப்பது கற்பனைச் சாதி, கற்பனை ஊர், கற்பனைச் சண்டை.

அடுத்த ஆண்டுப் பட்டியலையும் பாருங்கள். 2021இல் வந்த படங்களுக்கான விருதுகளை 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ‘கர்ணன்’ இல்லை. ‘சார்பட்டா பரம்பரை’ இல்லை. ‘ஜெய்பீம்’ இல்லை. ஆனால் தேச ஒருமைப்பாட்டுக்கான விருதை ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ வாங்கியது. அதற்கு முன் ‘பரியேறும் பெருமாள்’ வந்த ஆண்டிலும் தேசியப் பட்டியலில் அதற்கு இடமில்லை. இந்தப் படங்கள் எல்லாம் குறையே இல்லாதவை என்று நான் சொல்லவில்லை. ‘ஜெய்பீம்’ பற்றி நமக்குள்ளேயே எத்தனை விவாதம் நடந்தது! ஆனால் இவற்றில் ஒடுக்குகிறவனுக்கு முகம் இருக்கிறது. காவல் நிலையம் இருக்கிறது, சட்டக்கல்லூரி வகுப்பறை இருக்கிறது, நிற்காமல் போகிற பஸ் இருக்கிறது. முகம் காட்டாத நகைச்சுவைக்குக் கைதட்டல் சுலபமாகக் கிடைக்கிறது.

இது நம் நாட்டுப் பழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவில் ‘கிரீன் புக்’ என்ற படம், ஒரு கறுப்பின இசைக்கலைஞரையும் அவருடைய வெள்ளைக்கார ஓட்டுநரையும் பற்றியது. 2019இல் கோல்டன் குளோபில் நகைச்சுவை, இசைப் பிரிவில் சிறந்த படம் என்று பரிசு வாங்கி, பிறகு ஆஸ்கரிலும் சிறந்த படமானது. அந்த இசைக்கலைஞர் டான் ஷர்லியின் குடும்பத்தார் அந்தச் சித்திரிப்பை ஏற்கவில்லை. அதே மேடையில் ஸ்பைக் லீயின் ‘பிளாக்கிளான்ஸ்மேன்’ தோற்றது. 1990இலும் இதே கதைதான். ‘டிரைவிங் மிஸ் டெய்சி’ சிறந்த படம், ஸ்பைக் லீயின் ‘டூ த ரைட் திங்’ அந்தப் பிரிவின் போட்டிப் பட்டியலில்கூட இல்லை. இரண்டு முறையும் ஒரு காரில் இரண்டு பேர், ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர். கடைசியில் நண்பர்களாகிவிடுவார்கள். ஆளுகிற இனத்துக்கு மனசு லேசாகிவிடும்.

“நீங்கள் எப்போதும் இப்படித்தான், சிரிக்கவே தெரியாது, எல்லாவற்றிலும் சாதி பார்ப்பீர்கள்” என்று சில நண்பர்கள் சொல்வார்கள். இங்கேயும் இரண்டு பேர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கலாம். சிரிக்கத் தெரியாதவர்களா நாம்? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் மூடநம்பிக்கையைச் சிரித்தே கிழித்தார். 1954இல் வந்த ‘இரத்தக்கண்ணீர்’ படத்தில் எம்.ஆர்.ராதா செய்யாத கிண்டலா? பெரியார் கூட்டங்களில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சிரிப்பு மேலே இருந்தவர்களைச் சுட்டது. சாமி பெயரைச் சொல்லி, சாஸ்திரத்தின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். அதனால் நாடகத்துக்குத் தடை வந்தது, கல் வந்தது, வழக்கு வந்தது. நமக்கு அந்தச் சிரிப்பு மரபு இருக்கிறது. அதை வைத்துத்தான் இந்தச் சிரிப்பை அளக்கிறேன்.

வடிவேலுவை நினைத்துப் பாருங்கள். முப்பது வருடமாக அடி வாங்கி நம்மைச் சிரிக்க வைத்தவர். 2023இல் ‘மாமன்னன்’ படத்தில், உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருக்கும் ஒரு தலித் சட்டமன்ற உறுப்பினராக வந்தார். அந்தக் காட்சியில் அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. தெற்குத்திட்டை நாற்காலி அந்தக் காட்சியில் இருந்தது. அந்த நடிப்புக்குத் தேசிய விருது வரவில்லை. அதனால் அந்தக் காட்சி நமக்குச் சிறியதாகிவிட்டதா?

தோழர்களே, நான் கேட்டுக்கொள்வது சின்ன விஷயம். அடுத்த முறை சாதியைப் பற்றி ஒரு நகைச்சுவைப் படம் வந்து, எல்லோரும் ஆகா ஓகோ என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த ஊரில் சேரி எங்கே இருக்கிறது? ஒடுக்கப்பட்டவருக்குச் சொந்தமும் சங்கமும் இருக்கிறதா? படம் முடிந்ததும் யாருக்கு நிம்மதி, யாருக்கு உறுத்தல்? இதற்குப் பதில் வைத்துக்கொண்டு பிறகு சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள்.

அடுத்த மாதத் திரையிடலுக்கு ‘ஃபன்றி’யைப் போடலாம் என்று அமைப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். படத்துக்குப் பிறகு நான் பேசப்போவதில்லை. அந்தச் சலூன் அண்ணன் பேச வேண்டும். கேட்டேன், “கடையை ஏழு மணிக்குத்தான் சாத்துவேன், அதுக்கப்புறம்னா வரேன்” என்றார். ஏழரைக்குத் தொடங்குவோம்.